மணல் தொட்டியில் ஆறு நேராகவே அறுத்துக்கொண்டு ஓடுகிறது: வளைவும் கழிமுகமும் வரவைப்பது எப்படி?

நிலவரை (கேள்வி)

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறும் காற்றும் நிலத்தை எப்படிச் செதுக்குகின்றன என்று கண்ணெதிரே காட்ட ஒரு மணல் தொட்டி தயாராகிறது. இருப்பது இதுதான்: 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரத்தில் பிளைவுட் பெட்டி, உள்ளே தார்ப்பாய். கடையில் வாங்கிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 6 செ.மீ. கனத்துக்குப் பரப்பியிருக்கிறது. தலைமாட்டில் ஒரு செங்கல் முட்டு. குழாயிலிருந்து ஹோஸ் மூலம் தண்ணீர். கால்மாட்டில் அடித்தரையை ஒட்டி ஒரு துளை, அதன் கீழே வாளி.

சிக்கல்கள்:
ஹோஸ் விழும் இடத்தில் பெரிய குழி விழுகிறது. அங்கிருந்து ஒரே நேர்க்கோட்டில் பள்ளம் அறுத்து, பத்து நிமிடத்தில் தார்ப்பாய் தெரிகிறது. வளைவு ஒன்றுகூட வரவில்லை. கழிமுகமும் (டெல்டா) வரவில்லை, மணல் மொத்தமும் வாளிக்குப் போய்விடுகிறது. டேபிள் ஃபேன் வைத்து மணற்குன்று காட்டப் பார்த்தால் மணல் அசையவே இல்லை.

எங்கே தவறு? ஆற்று மணல் கிடைத்தால்தான் சரியாகுமா?

எக்கல்மண்

டீச்சர், ஆற்று மணல் தேவையில்லை. எம்-சாண்டே போதும், ஆனால் அப்படியே போடக்கூடாது. அதில் கல்தூள் இருக்கும். அந்தத் தூள்தான் நனைந்து காய்ந்ததும் மேலே ஓடுபோல் இறுகுகிறது, தண்ணீரையும் பால்போல் ஆக்குகிறது. பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட் கிடைத்தால் இன்னும் நல்லது, குருணை சிறியது. எதுவானாலும் கொசுவலையில் சலித்துப் பெருங்கல்லை நீக்கிவிட்டு, அரிசி களைவதுபோல் வாளியில் நான்கைந்து தண்ணீர் மாற்றிக் களையுங்கள். கையை விட்டு எடுத்தால் விரலில் சேறு ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உங்கள் தொட்டிக்கு 45 முதல் 50 கிலோ வேண்டியிருக்கும். கடற்கரை மணலை மட்டும் அள்ளிவர வேண்டாம், கடலோர ஒழுங்குமுறை விதிகளில் அதற்குத் தடை இருக்கிறது.

இனி சரிவு. நிற்க வைக்காமல் படுக்க வைத்த செங்கல் என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 7.5 செ.மீ. உயரம். 120 செ.மீ. நீளத்தில் அது நூற்றுக்கு ஆறு. இந்த அளவுக்கு அது மலையோடை. செங்கல்லை எடுத்துவிட்டு ஒரு இஞ்ச் கனமுள்ள ரீப்பர் கட்டையை வையுங்கள், நூற்றுக்கு இரண்டு வரும். கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் காவிரிக்குக் கிலோமீட்டருக்கு அரை மீட்டர் போலத்தான் இறக்கம், அதாவது நூற்றுக்கு 0.05. அப்படியிருக்க நமக்கு ஏன் நாற்பது மடங்கு சரிவு தேவைப்படுகிறது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மணலைத் தள்ளும் விசை நீரின் ஆழத்தையும் சரிவையும் பெருக்கி வருவது. ஆற்றில் ஆழம் மீட்டர் கணக்கு, தொட்டியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர். ஆழம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது, மணலோ அதே மணல். அந்தக் குறையைச் சரிவால் ஈடுகட்டுகிறோம். கூட்டலாம் என்பதற்காக 6 வரை கூட்டினால் அரை மில்லிமீட்டர் மணலை அசைக்கத் தேவையானதைப்போல் பல மடங்கு விசை வந்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

தண்ணீரின் அளவு: நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். ஒரு லிட்டர் ஜக்கு 40 விநாடியில் நிரம்ப வேண்டும், மொபைலில் நேரம் பார்த்து வால்வைத் திருகுங்கள். குழாயிலிருந்து நேராக எடுக்காதீர்கள், யாராவது பக்கத்தில் இன்னொரு குழாயைத் திறந்தால் உங்கள் ஆறு வற்றிவிடும். தலைமாட்டுக்கு மேலே ஒரு வாளி, அதன் வாய்க்கருகே வழிந்தோட ஒரு துளை, அடியில் அரை இஞ்ச் வால்வு. மீன்தொட்டி பம்பு கீழ்வாளியிலிருந்து மேல்வாளியை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கட்டும், மிஞ்சியது வழிந்து கீழே வரட்டும். மேல்வாளியில் நீர்மட்டம் மாறாது, ஆகவே கீழே வரும் ஓட்டமும் மாறாது. பம்பைக் கீழ்வாளியின் அடியில் வைக்காமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள், இல்லாவிட்டால் மணலை உறிஞ்சி விசிறி தேய்ந்து நின்றுபோகும்.

விழும் குழிக்கு மருந்து: பாத்திரம் தேய்க்கும் நார் ஒன்றைத் தட்டையாக விரித்து, அதன்மேல் நாலு கூழாங்கல் வைத்து, தண்ணீரை அதில் விழவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கால்மாட்டுத் துளைதான். ஆறு எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று தீர்மானிப்பது அது சென்று சேரும் நீர்மட்டம். உங்கள் தொட்டியில் அந்த மட்டம் தார்ப்பாய்த் தரை. அதனால் துளையருகே முதலில் ஒரு படி விழும், அந்தப் படி மெல்ல மெல்ல மேல்நோக்கி ஏறும், ஏறும் வழியெல்லாம் பள்ளம் ஆழமாகும். கூர்ந்து பாருங்கள், வெட்டு தலைமாட்டில் தொடங்கிக் கீழே வருவதில்லை, கால்மாட்டில் தொடங்கி மேலே போகிறது. ஆற்றுப்படுகையில் ஓரிடத்தில் ஆழமாக மணல் அள்ளினால் அதற்கு மேலே பல நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பாலத்தூணின் அடி தெரியவருவது இதே வழியில்தான். பாலத்தூணுக்கும் தடுப்பணைக்கும் பக்கத்தில் மணல் எடுக்கக்கூடாது என்று சொல்வதன் காரணத்தைப் பிள்ளைகள் இந்தப் படி ஏறுவதைப் பார்த்த பிறகு மறக்கவே மாட்டார்கள். ஆகவே அந்தத் துளையை அடைக்காமல் ஒருமுறை அப்படியே ஓட்டிக் காட்டிவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

மாற்றுவது: துளையில் ஒரு முழங்கை குழாய் செருகி, வாயை 4 செ.மீ. உயரத்துக்குத் தூக்குங்கள். கால்மாட்டில் 35 செ.மீ. நீளத்துக்கு மணலை வழித்து எடுத்துவிடுங்கள். அங்கே தண்ணீர் தேங்கும், அதுதான் கடல். ஆறு அதில் நுழைந்ததும் வேகம் இழந்து மணலைப் போட்டுவிடும், கால் மணி நேரத்தில் விசிறிபோல் கழிமுகம் விரியும். முன்முகம் 30 டிகிரிச் சரிவில் நிற்கும். காவிரிக் கழிமுகத்தின் முன்முகம் இப்படிச் செங்குத்தாக இருக்காது, கடலில் அதன் சரிவு மிகக் குறைவு. ஏரிக்குள் ஓடைகள் போடும் மேடுதான் தொட்டியில் தெரிவது, இதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மேலிருந்து தெளிந்த தண்ணீர் மட்டும் வந்தால் அது சுமையின்றி வருகிறது, போகும் வழியில் தரையைப் பெயர்த்துத்தான் தன் சுமையை ஏற்றிக்கொள்ளும். அணைக்குக் கீழே ஆறு படுகையை அரிப்பது இதனால்தான். எனவே நார் இருக்கும் இடத்தில் அரை நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் மணல் போட ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். போட்டால் தலைமாட்டு அறுப்பு நின்றுவிடும். கூடுதலாகப் போட்டால் மேடு கட்டி ஆறு பல கிளையாகப் பிரியும், அதையும் பார்க்கட்டும்.

கொள்ளிடக்கரை

வளைவு வரவில்லை என்றால் முதலிலேயே விரலால் பாம்புபோல் ஒரு வாய்க்கால் கீறிவிட்டுத் தண்ணீர் விடுங்கள் டீச்சர். அதுவே பெரிதாகும்.

எக்கல்மண்

அது நிற்காதே சார். வெறும் மணலில் வெளிவளைவுக் கரை எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அந்த வேகத்தில் உள்வளைவில் மணல்திட்டு கட்டுவதில்லை. வாய்க்கால் அகலமாகிக்கொண்டே போகும், ஆழம் குறையும், நடுவில் திட்டு எழும், தண்ணீர் திட்டுக்கு இருபக்கமும் பிரியும். பத்து நிமிடத்தில் கீறிய வளைவு காணாமல் போய், பின்னல்போல் ஓடும்.

கொள்ளிடக்கரை

சரிதான், கரையின் பிடிப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் சொல்வதைத்தான் ஊரிலேயே பார்க்கலாம். கொள்ளிடம் அகலமாக, மணல்திட்டு மணல்திட்டாகக் கிடக்கிறது. குடமுருட்டியும் அரசலாறும் ஒடுங்கி வளைந்து வளைந்து போகின்றன. முன்னது வெள்ளம் கொண்டுபோகும் ஆறு, மணல் கரை. பின்னவை வண்டல் கரைக்குள் ஓடுகின்றன, கரையோரம் மூங்கிலும் நாணலும் வேர்விட்டுப் பிடித்திருக்கின்றன.

ஆகவே தொட்டியிலும் கரைக்குப் பிடிப்பு கொடுக்க வேண்டும். இரண்டு வழி.

ஒன்று, களிமண். காயவைத்து இடித்துச் சலித்த களிமண் தூள் ஒரு பங்கு, உலர்ந்த மணல் பத்துப் பங்கு. உலர்ந்த நிலையிலேயே கலந்துவிட்டுப் பிறகு நனையுங்கள். ஈரத்தில் கலந்தால் உருண்டை உருண்டையாக நிற்கும். ஐந்துக்கு ஒன்று போய்விட்டால் வாய்க்கால் சிமெண்ட் போட்டதுபோல் அசையாது.

இரண்டு, முளை. 2009-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் பெரிய தொட்டியில் தொடர்ந்து வளையும் ஆற்றை உண்டாக்கியது குதிரைமசால் என்ற தீவனப்பயிரின் முளைகளை வைத்துத்தான். முளையின் வேர் கரையைப் பிடித்தது. மணலோடு சேர்த்து விட்ட இலேசான பிளாஸ்டிக் துகள், நம் வண்டல் செய்யும் வேலையைச் செய்தது. உள்வளைவுத் திட்டின் பின்னால் இருக்கும் பள்ளங்களை அது அடைத்ததால் தண்ணீர் குறுக்கே பாய்ந்து வளைவைத் துண்டிக்க முடியவில்லை. நமக்குக் கடுகோ கேழ்வரகோ போதும். நனைத்த மணலில் சதுர செ.மீ.க்கு ஒரு விதை கணக்கில் தூவி, தினம் இருவேளை தெளித்து, ஆறேழு நாள் வையுங்கள். வேர் 3 செ.மீ. இறங்கியதும் ஓட்டலாம். வாய்க்கால் போகும் தடத்தில் மட்டும் 5 செ.மீ. அகலத்துக்கு விதைக்காமல் விடுங்கள்.

தொடக்க வளைவுக்கு விரல் கீறல் வேண்டாம். நார் இருக்கும் இடத்திலிருந்து முதல் 10 செ.மீ. வாய்க்காலைத் தொட்டியின் நீளவாட்டத்துக்கு 40, 45 டிகிரி சாய்வாக வெட்டிவிடுங்கள். தண்ணீர் எதிர்க்கரையில் மோதித் திரும்பும், திரும்பியது இந்தக் கரையில் மோதும். அடுத்தடுத்த வளைவு தானாக வரும். முக்கால் மணி நேரமாவது ஓட விடுங்கள். நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். கரை நகர்வது பெரும்பாலும் வெள்ளத்தின்போதுதான்.

தொடங்கும் முன் மணல் முழுவதும் நனைந்து மேற்பரப்பு மினுங்க வேண்டும், பிறகு பத்து நிமிடம் வடியவிடுங்கள். காய்ந்த மணலில் விட்டால் முதல் சில லிட்டர் மண்ணுக்குள்ளேயே போய்க் கால்மாட்டில் ஊற்றாக வெளிவரும், அந்த ஊற்று கரையைக் குடைந்து சரிக்கும்.

நிலவரை

மிக்க நன்றி. ரீப்பர் கட்டையும் முழங்கைக் குழாயும் வைத்ததில் கழிமுகம் வந்துவிட்டது. முளைக்கு விதை தூவியாயிற்று. களிமண் கலந்து ஒரு பக்கம் முயன்றதில் தேங்கும் தண்ணீர் கலங்கிப்போய், உள்ளே மணல் எப்படிப் படிகிறது என்று தெரியவில்லை. மறுநாள்கூடத் தெளியவில்லை. என்ன செய்யலாம்?

கொள்ளிடக்கரை

தெளியாதுதான் டீச்சர், அதுவே ஒரு பாடம். 10 செ.மீ. உயரத் தண்ணீரில் 0.1 மி.மீ. மணல் பன்னிரண்டு விநாடியில் அடியைத் தொடும். 0.02 மி.மீ. வண்டலுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம். 0.002 மி.மீ. களித்துகளுக்கு எட்டு மணி நேரம். விட்டம் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூறில் ஒன்றாகிறது. அதைவிடச் சிறியவை நாள்கணக்கில் மிதக்கும். ஆறு மணலைத் தலைமடையிலும் வண்டலைக் கடைமடையிலும் களியைக் கடல்முகத்திலும் போடுவது இந்தக் கணக்கால்தான்.

ஒரே அளவிலான மூன்று கண்ணாடி ஜாடி எடுங்கள். மூன்றிலும் அதே கலங்கல் நீர். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதில் லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு, இது கடல்நீரின் அளவு. மூன்றாவதில் தேற்றாங்கொட்டையைச் சொரசொரப்பான மண்சட்டியில் உரைத்து விடுங்கள். பின்னிரண்டிலும் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோல் திரள்வது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். திரண்டது கனத்து இறங்கிவிடும். முகத்துவாரங்களில் சேறு கட்டுவதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கிணற்றிலும் குடத்திலும் தேற்றாங்கொட்டை உரைத்த பாட்டிமார்கள் செய்தது இதையே என்று சொன்னால் பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்பார்கள்.

தொட்டிக்கு, தேங்கும் பகுதியில் உப்புக் கரைத்து ஊற்றலாம், ஆனால் பம்பு துருப்பிடிக்கும். படிகாரம் சிட்டிகை போதும். முளை வைத்த பிறகு இரண்டுமே வேண்டாம்.

தேரிக்காடு

காற்றுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஃபேன் அசைக்காததற்கு முதல் காரணம் ஈரம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஈரம் இருந்தாலே மணி மணியாக ஒட்டிக்கொண்டு எழாது. கையில் எடுத்தால் உலர்ந்ததுபோல்தான் இருக்கும், நம்பாதீர்கள். உச்சிவெயிலில் தார்ப்பாயில் பரப்பிக் கிளறிக்கிளறி இரண்டு மணி நேரம், அல்லது இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்து எடுங்கள். இரண்டாவது, மணி பருமன். 0.2 மி.மீ. ஒட்டிய நுண்மணலுக்கே தலையளவு உயரத்தில் விநாடிக்கு ஐந்தாறு மீட்டர் காற்று வேண்டும். எம்-சாண்டில் பெரும்பகுதி அதைவிடப் பெரியது. மாவு சலிக்கும் சல்லடையில் சலித்துக் கீழே விழுந்ததைக் களைந்து காயவைத்து எடுங்கள். மூன்றாவது, காற்று பரவிப்போகிறது. இருபக்கமும் மேலேயும் அட்டை வைத்துச் சுரங்கம்போல் கட்டி, ஃபேனை 30 செ.மீ. அருகில் வையுங்கள். சுரங்கத்தின் மறுமுனையில் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம், நுண்கல்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இத்தனையும் செய்தால் அலையலையாக வரிகள் விழும். ஆனால் மணற்குன்று வராது. எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் வகுப்பறையில் வராது. காற்று தன்னால் முடிந்த அளவு மணலை ஏற்றிக்கொள்ளச் சில மீட்டர் தூரம் தேவைப்படுகிறது. அதைவிடச் சிறிய மேட்டைக் காற்று கட்டாது, கரைத்துவிடும். பாலைவனத்துப் பிறைக்குன்றில் மிகச் சிறியதே ஒரு மீட்டர் போல உயரமும் பத்து மீட்டர் போல நீளமும் இருக்கும்.

குன்று காட்டத் தண்ணீருக்குள் போங்கள். நீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு கனம், அதனால் அந்தத் தூரம் செ.மீ. கணக்குக்குச் சுருங்கிவிடுகிறது. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் 15 செ.மீ. தண்ணீர். அடியில் நகர்த்தக்கூடிய ஒரு பலகை, பிளாஸ்டிக் கோப்பு அட்டைகூடப் போதும், இருமுனையிலும் நூல். அதன் நடுவில் இரண்டு ஸ்பூன் நுண்மணலைக் கூம்பாகக் குவியுங்கள். பலகையை ஒரு பக்கம் 10 செ.மீ. சட்டென்று இழுங்கள், திரும்ப மணல் அசையாதபடி மெதுவாகக் கொண்டுவாருங்கள். இழுக்கும்போது மட்டும் மணலுக்கு எதிர்த்திசையில் நீரோட்டம் கிடைக்கிறது. சில டஜன் முறை செய்தால் கூம்பின் இரு ஓரமும் முந்திப்போய்க் கொம்பாகும், நடுவில் செங்குத்தான முகம் விழும். ஓரத்தில் மணல் மெல்லியதாக இருப்பதால் அது வேகமாக நகர்கிறது. மெதுவாகக் கொண்டுவருவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்.

காற்றுச் சுரங்கம் வீணில்லை. அதில் வேலி காட்டுங்கள். ஒரு முறை 3 செ.மீ. உயரத் தடித்த அட்டையை நட்டுவையுங்கள்: அடியில் காற்று சுழன்று குடைந்து, அட்டையே சாயும். அடுத்த முறை கொசுவலைத் துண்டு: காற்று புகும், ஆனால் தளரும், வலைக்குப் பின்னே நீளமாக மணல் படியும். பாதிக்குப் பாதி திறப்புள்ள தடுப்புதான் மணலை அதிகம் பிடிக்கும். பனையோலையை நெருக்கமில்லாமல் நட்டு வேலி போடுவதன் அறிவு இது.

தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் செந்தேரி, அதாவது சிவப்பு மணற்குன்று, கிடக்கிறதே, அது கட்டியது ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று. மணிமேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போம், ஆனால் மணல் உண்மையில் பறப்பதில்லை, குதிக்கிறது. ஒரு மணி எழும்பி, முன்னே போய் விழுந்து, விழுந்த இடத்தில் வேறு மணிகளைத் தெறிக்கவிடும். பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேதான் போகும். சுரங்கத்தின் நடுவே கோந்து தடவிய ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். அடி இரண்டு மூன்று செ.மீ.க்கு மணல் தடிப்பாக ஒட்டியிருக்கும், மேலே போகப்போக எண்ணி எடுக்கலாம். தேரியில் பனையும் உடைமரமும் முந்திரியும் நிற்கும் இடத்தில் மணல் அடங்கியிருப்பதும் அடிமட்டத்து ஓட்டம் தடைபடுவதால்தான்.

அலைவாய்க்கரை

அதே தொட்டியில் கடலோரத்தையும் சேர்க்கலாம் டீச்சர், அரை மணி வேலை. ரீப்பரை எடுத்துத் தொட்டியைச் சமமாக்குங்கள். நீளப்பக்கம் ஒன்றில் மணலைச் சாய்வாக அணைத்துக் கரை கட்டி, 5 செ.மீ. தண்ணீர் விடுங்கள். ஒரு மூலையிலிருந்து ஹார்ட்போர்டு துண்டால் கரைக்குச் சாய்வாக, விநாடிக்கு ஒரு அலை வீதம் தள்ளுங்கள். அலை சாய்வாக ஏறும், நேராக இறங்கும், மணல் ரம்பப்பல் வழியில் கரையோரமாக நடக்கும். நடுவில் சிறு கற்களால் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும்படி ஒரு தடுப்பு வையுங்கள். ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை உள்வாங்கும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்பு 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இதனால்தான். அங்கே வீடிழந்தவர்கள் மீனவ மக்கள், அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்காதீர்கள்.

நிலவரை

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: மணல் எங்கிருந்து எங்கே போனது என்று தெரிய, கலர்க் கோலப்பொடி தூவலாமா?

எக்கல்மண்

வேண்டாம். சாயம் தண்ணீரில் இறங்கிவிடும், பொடியும் மணலைவிட மெல்லியது, அது தனியாக மிதந்து போகும். பழைய செங்கல்லை இடித்து, மணலைச் சலித்த அதே வலைகளில் சலித்து, களைந்து, ஒரு நாள் ஊறவைத்துப் போடுங்கள். ஊறாத செங்கல்லில் காற்று இருக்கும், மிதக்கப் பார்க்கும். ஊறிய பிறகும் மணலைவிடச் சற்று இலேசு, ஆகவே கொஞ்சம் முந்திக்கொண்டு போகும். வெளிவளைவுக் கரையில் ஒரு ஸ்பூன் புதைத்துவைத்தால், கரை சரிந்ததும் அது எதிர்க்கரைக்குப் போகாமல், அதே பக்கம் கீழே இருக்கும் அடுத்த திட்டில் சிவப்பாகப் படிவதைப் பெரும்பாலும் பார்க்கலாம்.